விடுதலைச் சதுக்கத்து நட்சத்திரம்: புடாபெஸ்ட் நாட்குறிப்பு

வெள்ளி

தங்கை புடாபெஸ்டில் முதுகலை படிக்கிறாள். தேர்வு முடிந்துவிட்டது, வா என்றாள், வந்துவிட்டேன். பெட்டியை அவள் அறையில் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே டான்யூப் கரைக்குக் கிளம்பினோம். மே மாதத்தில் இங்கே எட்டு மணி வரை பொழுது சாய்வதில்லை.

2-ம் எண் டிராம் ஆற்றை ஒட்டியே போகிறது. எதிர்க்கரையில் கெல்லேர்ட் குன்று. அதன் உச்சியில், இரண்டு கைகளாலும் ஓர் ஓலையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். பீடம் இல்லாமல் அவள் மட்டுமே 14 மீட்டர். நாஜிகளிடமிருந்து நகரத்தை மீட்ட சோவியத் படைக்கு நன்றி சொல்லி 1947-ல் எழுப்பிய சிலை இது. அவள் காலடியில் கொடி பிடித்த சோவியத் வீரன் ஒருவனும் இருந்தான். ஆட்சி மாறிய பிறகு, 1992-ல், அவனை இறக்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பீடத்தின் வாசகத்தையும் மாற்றினார்கள். இப்போது அது ஹங்கேரியின் சுதந்திரத்துக்காகவும் வளத்துக்காகவும் உயிர் கொடுத்த எல்லோருக்குமான சிலை.

"நாளைக்கு நான் காட்டப் போறது இப்படி இல்லண்ணா. அதுல ஓர் எழுத்தைக்கூட மாத்தல. அதனாலதான் சண்டையே" என்றாள் தங்கை.

சனி

அரனி யானோஷ் தெரு மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் விடுதலைச் சதுக்கம். சபட்ஷாக் டேர் என்கிறார்கள். சதுக்கம் என்ற பெயர்தான். உண்மையில் அது ஒரு பெரிய பூங்கா. ஒரு பக்கம் தேசிய வங்கி, எதிரே பழைய பங்குச் சந்தை மாளிகை. இரண்டும் இக்னாட்ஸ் அல்பார் என்ற கட்டடக் கலைஞர் 1905 வாக்கில் கட்டி முடித்தவை. நடுவே மரங்கள், பெஞ்சுகள், குழந்தைகள் விளையாடும் இடம். சனிக்கிழமை என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்.

வடக்கு முனையில், அவள் சொன்ன சோவியத் நினைவுத் தூண் நிற்கிறது. வெளிர் நிறக் கல், மேலே போகப் போக ஒடுங்கும் உடல், உச்சியில் தங்க நிற ஐந்துமுனை நட்சத்திரம். சற்றுக் கீழே கதிர்க் கட்டுகளுக்கு நடுவே அரிவாளும் சுத்தியலும் கொண்ட சோவியத் அரசுச் சின்னம், அதுவும் தங்க நிறத்தில். நாட்டின் நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரம். இந்த நாட்டில் அரிவாள் சுத்தியலைப் பொது இடத்தில் காட்டுவதற்கே பல ஆண்டுகள் சட்டத் தடை இருந்தது. அப்போதும் இந்தச் சின்னம் இங்கேதான் இருந்தது.

சுற்றிலும் தாழ்வான வேலி இருப்பதால் தொட முடியாது. ஆனால் பீடத்தில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் நன்றாகத் தெரிகின்றன. கனத்த மேல்கோட்டும் இரும்புத் தொப்பியும் அணிந்த வீரர்கள், ஆளை ஆள் ஒட்டி, முன்னால் சாய்ந்தபடி போகிறார்கள். சிற்பி கரோய் அந்தல் முகங்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஒருவன் தாடையை இறுக்கியிருக்கிறான். பின்னால் வருபவனுக்கு மீசைகூட முளைத்திருக்காத வயது. விடுதலை தந்த சோவியத் வீரர்களுக்குப் புகழ் என்று ரஷ்ய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் எழுதியிருக்கிறது. தூணை நிறுவியது 1946-ல். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலங்கள் பலவும் இன்னும் ஆற்றில் கிடந்த நேரம்.

அந்தப் போரைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. 1944 டிசம்பர் கடைசியில் செம்படை புடாபெஸ்டைச் சுற்றி வளைத்தது. நகரத்தை எப்பாடுபட்டாவது பிடித்து நிற்க வேண்டும் என்பது ஹிட்லரின் உத்தரவு. தெருத் தெருவாக, வீடு வீடாகச் சண்டை. ஜனவரி 18-ல் பெஸ்ட் கரை விழுந்தது. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் டான்யூப் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பூடா கரை பிப்ரவரி 13 வரை தாக்குப்பிடித்தது. நகரத்துப் பொதுமக்கள் மட்டும் சுமார் 38,000 பேர் செத்தார்கள். பசியில், குண்டில், நிலவறைகளில். ஹங்கேரியத் தலைநகருக்கான போரில் சோவியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். பீடத்தில் இருக்கும் அந்த மீசை முளைக்காத பையனை அந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவன் அரசியல் செய்ய வந்தவன் இல்லை.

ஆனால் வந்த படை செய்தது அதோடு முடியவில்லை. நகரம் விழுந்த பிறகு நடந்த கொள்ளையும், பெண்கள் மீதான வன்கொடுமையும் இங்கே பல குடும்பங்கள் அறிந்த கதை. 'சின்ன வேலை இருக்கிறது, வா' என்று தெருவில் பிடித்து, சோவியத் ஒன்றியத்தின் உழைப்பு முகாம்களுக்கு ஏற்றிப்போன ஆட்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. படை ஊருக்குத் திரும்பவும் இல்லை. கடைசி சோவியத் வீரன் இந்த நாட்டைவிட்டு வெளியேறிய நாள் 1991 ஜூன் 19.

நட்சத்திரத்துக்குக் கீழே விடுதலை என்ற வார்த்தையைப் படிக்கும் ஒரு ஹங்கேரியருக்கு ஏன் வயிறு எரிகிறது என்பது இப்போது புரியும். 2006 செப்டம்பரில், தேர்தலுக்காகப் பொய் சொன்னோம் என்று பிரதமர் ஜுர்ச்சான் உள்கூட்டத்தில் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. கோபமாகத் திரண்ட கூட்டம் இதே சதுக்கத்தில், அப்போது அரசுத் தொலைக்காட்சியின் தலைமையகமாக இருந்த அந்தப் பங்குச் சந்தை மாளிகைக்குள் புகுந்து தீ வைத்தது. அதே கலவரத்தில் தூணின் தங்கச் சின்னத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு அதைச் சரிசெய்து மாட்டினார்கள். போர் நினைவிடங்களைப் பரஸ்பரம் காப்பதாக ரஷ்யாவோடு 1990-களில் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. ரஷ்ய மண்ணில் புதைந்து கிடக்கும் ஹங்கேரிய வீரர்களின் கல்லறைகளும் அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த மண்ணே சண்டை பிடித்த மண். முன்பு இங்கே இருந்தது ஆஸ்திரியப் பேரரசின் ராணுவக் குடியிருப்பு. ஹங்கேரியின் முதல் பிரதமர் லாயோஷ் பட்யானியை 1849 அக்டோபர் 6-ல் அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். 1897-ல் அதை இடித்துவிட்டுத்தான் விடுதலைச் சதுக்கம் என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்த வேதனையில், இழந்த பகுதிகளின் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்து, 1928-ல் இங்கே ஒரு கொடிக் கம்பம் நட்டார்கள். அதை அகற்றிய இடத்தில்தான் சோவியத் தூண் எழுந்தது.

தூணுக்குச் சில அடிகள் தள்ளி ரொனால்டு ரீகன் வெண்கலத்தில் நடந்து போகிறார், 2011-ல் வைத்தது. பக்கத்திலேயே அமெரிக்கத் தூதரகம். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சியை நசுக்கியபோது அங்கே தஞ்சம் புகுந்த கர்தினால் மின்சென்டி 1971 வரை, பதினைந்து ஆண்டுகள், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வாழ்ந்தார். சன்னலைத் திறந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடியது இந்த நட்சத்திரம்.

அப்புறம் தெற்கு முனைக்கு நடந்தோம். இன்றைக்கு என்னை உலுக்கியது அங்கே இருந்ததுதான்.

2014 ஜூலையில், போலீஸ் காவலோடு ராத்திரியோடு ராத்திரியாக நிறுவி முடித்த நினைவுச் சின்னம் ஒன்று அங்கே இருக்கிறது. உடைந்த தூண்களுக்கு நடுவே தேவதூதர் கேப்ரியல், கையில் அரசுரிமையின் உருண்டை. அவர்தான் ஹங்கேரி. மேலிருந்து ஒரு கழுகு நகங்களை விரித்துப் பாய்கிறது. அதன் காலில் 1944 என்று பொறித்த வளையம். அதுதான் ஜெர்மனி. ஆக, ஒன்றும் அறியாத தேவதூதரை வெளியிலிருந்து வந்த கழுகு கொத்திவிட்டது. இது பொய். 1944 மார்ச்சில் ஜெர்மானியர்கள் வந்தது உண்மை. ஆனால் மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் சுமார் 4,37,000 யூதர்களைச் சுற்றி வளைத்து, பட்டியல் போட்டு, ரயிலேற்றி அனுப்பியது ஹங்கேரிய காவல் படையும் ஹங்கேரிய அதிகாரிகளும். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலை முகாம். யூத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கிய சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. அப்போது ஹிட்லரை யாருக்கும் தெரியாது. அன்றைய ஆட்சித் தலைவர் ஹோர்த்தியின் மார்பளவுச் சிலை ஒன்று இதே சதுக்கத்தின் ஓரத்தில், ஒரு தேவாலய வாசலில், 2013-லிருந்து இருக்கிறது.

அந்தத் தேவதூதருக்கு எதிரே, நடைபாதை ஓரமாக, கம்பி கட்டி வரிசையாகச் சாமான்கள். துருப்பிடித்த பூட்டுப் போட்ட தோல் பெட்டி. ஒரு கண்ணாடி இல்லாத மூக்குக் கண்ணாடி. குழந்தையின் ஷூ. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட குடும்பப் புகைப்படங்கள், கைப்பட எழுதிய கடிதங்கள், பேர் எழுதிய கூழாங்கற்கள். அரசு இந்தச் சின்னத்தைக் கட்டத் திட்டமிட்டபோதே, 2014 மார்ச்சில், எங்கள் குடும்பத்துக்கு உண்மையில் என்ன நடந்தது என்று மக்களே கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தது இது. உயிருள்ள நினைவுச் சின்னம் என்கிறார்கள். கல்லில் எழுதிய பொய்க்குப் பக்கத்தில் காகிதத்தில் எழுதிய உண்மை, இத்தனை குளிர்காலங்களுக்குப் பிறகும்.

ஓர் உறைக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளே இருந்த பெண்ணின் படத்தில் பாதி முகம் ஊதா மையாகக் கரைந்திருந்தது. வயதான ஒருவர் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை ஹங்கேரிய மொழியில் பேச்சுக் கொடுத்தாள். வடக்கே கையைக் காட்டி, அந்தத் தூணைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. படத்தை உறைக்குள் திரும்பப் போட்டு, கம்பியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தங்கையிடம் நீளமாகச் சொன்னார்.

"யூதர்களை அடைச்சு வெச்சிருந்த கெட்டோவோட கதவை உடைச்சு உள்ளே வந்தவங்க சோவியத் வீரர்கள்தானாம். அவரோட அம்மா உள்ளே இருந்திருக்காங்க. அவங்க சாகற வரைக்கும் அந்த நட்சத்திரத்தைப் பத்தி யாரையும் தப்பாப் பேச விட மாட்டாங்களாம். ஆனா 56-ல அவரோட பெரியப்பா பையனைச் சுட்டதும் அவங்கதானாம். ரெண்டையும் சேர்த்து எழுதினா நான் அங்கே போய் ஒரு கல்லு வைப்பேங்கறார்."

அவர் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த உறையைப் பார்க்கப் போனார். பக்கத்தில் இருக்கும் நீரூற்றில், தரையில் கால் வைத்ததும் தண்ணீர்ச் சுவர் தானாக அடங்கி வழி விடுகிறது. குழந்தைகள் உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தார்கள். நாங்கள் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு

அவர் சொன்ன கெட்டோ டோஹானித் தெருவின் பெரிய யூத ஆலயத்தை ஒட்டி இருந்தது. சில தெருக்களைப் பலகை வேலியால் அடைத்து, கடைசியில் சுமார் 70,000 பேரை உள்ளே தள்ளியிருந்தார்கள். வெளியே ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல். உள்ளே சோறு இல்லை. 1945 ஜனவரி 17, 18-ல் சோவியத் வீரர்கள் வந்து சேராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யோசிக்கவே விரும்புவதில்லை. அதற்குள் செத்துப்போன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆலயத்தின் முற்றத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அடக்க இடம் ஆலய வளாகத்துக்குள் இருப்பது யூத வழக்கமே இல்லை. வேறு வழி இல்லாமல் செய்தது.

பின்புறத் தோட்டத்துக்கு ராவுல் வாலன்பெர்க் பெயர். ஸ்வீடன் தூதரகத்துக்காரர். பாதுகாப்புக் கடவுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தே ஆயிரக்கணக்கான யூதர்களைச் சாவிலிருந்து இழுத்தவர். கெட்டோவுக்கு விடிவு வந்த அதே ஜனவரி 17-ம் தேதி சோவியத் அதிகாரிகள் அவரை அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. 1947-லேயே மாஸ்கோ சிறையில் இறந்துவிட்டதாக 1957-ல் சோவியத் அரசு அறிவித்தது. ஒரே படை, ஒரே வாரம், ஒரே நகரம்.

அதனால் மாலையில் வடக்கே ஸென்ட் இஷ்ட்வான் பூங்காவுக்கும் போனோம். பாம்பை அடிக்க ஓங்கிய கையோடு ஒரு மனிதன், வெண்கலத்தில். பால் பாட்ஸாய் செய்த வாலன்பெர்க் நினைவுச் சிலை. 1949-ல் இதே இடத்தில் நிறுத்தினார்கள். திறப்பு விழாவுக்கு முன்பே அரசு அதைக் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுபோய்விட்டது. சிலை கடைசியில் டெப்ரெட்ஸன் நகரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே இப்போது இருப்பது 1999-ல் வைத்த நகல். நல்ல சிலை, சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லை.

வரும் வழியில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, வேளாண் அமைச்சகக் கட்டடத்தின் வளைவு நடைபாதையில் நின்றோம். சுவரில் ஆங்காங்கே எலுமிச்சை அளவில் வெண்கலக் குண்டுகள் பதித்திருக்கிறார்கள். 1956 அக்டோபர் 25-ல் சதுக்கத்தில் கூடிய ஆயுதமில்லாத கூட்டத்தின் மேல் சுட்ட சூட்டின் நினைவாக. தலை உயரத்தில் சில, இடுப்பு உயரத்தில் சில. கையை வைத்துப் பார்த்தேன். பலர் தொட்டுத் தொட்டுப் பளபளப்பாகியிருக்கிறது. நவம்பர் 4-ம் தேதி சோவியத் டாங்குகள் முழு வேகத்தில் உள்ளே வந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள், சோவியத் தரப்பில் ஏறக்குறைய 700 பேர், நாட்டைவிட்டு ஓடியவர்கள் 2,00,000. புரட்சிக்குத் துணை நின்ற பிரதமர் இம்ரே நாகியை 1958-ல் தூக்கிலிட்டார்கள்.

அந்த நாகிக்கு 1996-ல் ஒரு சிலை வைத்தார்கள், விடுதலைச் சதுக்கத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில். சின்னப் பாலத்தின் மேல் நின்று நாடாளுமன்றத்தைப் பார்க்கும் மனிதர். 2018 டிசம்பரில் அவரையும் எடுத்து, மார்கிட் பாலத்துப் பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள். சோவியத் தூணைத் தொட முடியாத அரசு, சோவியத்தை எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்டவரைத் தொட்டிருக்கிறது. எனக்கு இது தாங்கவில்லை.

திங்கள்

கெலன்ஃபோல்டு மெட்ரோ நிலையத்திலிருந்து பஸ் பிடித்து மெமென்ட்டோ பார்க். நகரத்திலிருந்து இறக்கிய கம்யூனிஸ்ட் காலச் சிலைகளை 1993-லிருந்து இங்கே வைத்திருக்கிறார்கள். வாசலில் செங்கல் முகப்பு, இரு பக்கமும் லெனின், மார்க்ஸ்-எங்கெல்ஸ். 1956-ல் மக்கள் அறுத்துத் தள்ளிய ஸ்டாலின் சிலையில் மிஞ்சிய பூட்ஸின் மாதிரியும் வெளியே மேடை மேல் இருக்கிறது. கெல்லேர்ட் குன்றிலிருந்து இறக்கிய கொடி வீரனையும் பார்த்தேன். குன்றின் மேல் அவன் எவ்வளவு சின்னதாகத் தெரிந்திருப்பான், கிட்டே எவ்வளவு பிரம்மாண்டம்!

அதிக நேரம் நின்றது சோவியத் கேப்டன் ஒஸ்டபென்கோவின் சிலையிடம். 1944 டிசம்பர் 29-ல் சமாதானக் கொடியோடு பேச்சுவார்த்தைக்குப் போனபோது இறந்தவர். பாலடான் ஏரிக்குப் போகும் நெடுஞ்சாலையின் தொடக்கத்தில் கொடியை ஆட்டியபடி இவர் சிலை இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் லிஃப்ட் கேட்கவும், நண்பர்கள் சந்திக்கவும் அடையாளம் இவர்தான். இப்போது புல்வெளியில், எந்தச் சாலையும் இல்லாமல் கொடி ஆட்டுகிறார்.

"அந்தத் தூணையும் இங்கே கொண்டாந்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமாண்ணா?" என்று கேட்டாள்.

எஸ்டோனியாவின் தல்லினில் 2007-ல் சோவியத் வெண்கல வீரன் சிலையைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். தெருக்கலவரத்தில் ஓர் உயிர் போனது. லாட்வியாவின் ரீகாவில் 79 மீட்டர் வெற்றித் தூணை 2022 ஆகஸ்டில் வீழ்த்தினார்கள். பல்கேரியாவின் சோபியாவில் 2023 டிசம்பரில் சோவியத் படைச் சின்னத்தின் உருவங்களை இறக்கினார்கள். உக்ரைன் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் புடாபெஸ்ட் தூண் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அவளிடம் சொன்னேன். அதை இந்தப் பூங்காவுக்கு அனுப்பினால், சதுக்கத்தில் மிஞ்சுவது தேவதூதரும் கழுகும்தான். கெட்டோ கதவு எப்படித் திறந்தது என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது. ஆனால் இப்படியே, புகழ் என்ற ஒற்றை வாசகத்தோடு விடுவதும் அநியாயம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை வேண்டும். வாலன்பெர்க்கின் பெயர், முகாம்களுக்குப் போனவர்கள், 1956 நவம்பர் 4, 1991 ஜூன் 19, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அரசு வைக்காது என்றால், தெற்கு முனையில் செய்த மாதிரி மக்களே வைக்கட்டும். கம்பியும் பிளாஸ்டிக் உறையும் போதும்.

"அதுக்கும் போலீஸ் வரும்" என்றாள். வரட்டும். தெற்கு முனையிலும் வந்தார்கள்தானே.

நாளைக் காலை வியன்னா ரயில். அங்கே ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில், 1945 ஆகஸ்டிலேயே கட்டி முடித்த செம்படை நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைப் பராமரிப்பது 1955 அரசு உடன்படிக்கையின்படி ஆஸ்திரியாவின் கடமை. மதியத்துக்குள் போய்விடுவேன், படங்களோடு அடுத்த பதிவு அங்கிருந்து.